கோபன்ஹேகனில் நானூறு படிகள்

உங்களில் பலர் தரங்கம்பாடிக்குச் சென்றிருப்பீர்கள். அலைகள் வந்து மோதும் கரையில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் அந்த டேனிஷ் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். கடல் பாதியை விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலையும், சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தையும், பள்ளிவாசலையும் ஒரு நாழிகை நடையில் பார்த்து முடித்துவிடலாம். பொறையாற்றுக்கு அருகில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கோட்டை மதில்தான் இளமையில் விளையாட்டுத் திடல். ஆனால் அதைக் கட்டியவர்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார்கள், அங்கே அவர்கள் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்து மறைந்தது எது என்று அந்நாளில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எழுபது வயதை நெருங்கும் வேளையில், கோபன்ஹேகன் நகரின் ஒரு தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்றுகொண்டு அதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான்.

"தேவாலயக் கோபுரத்தில் உங்களுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மகனும் அதைத்தான் கேட்டான். ஆகவே அந்த வேலை என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பொறியாளர். பதினான்கு ஆண்டுகளாக டென்மார்க்கில் குடும்பத்துடன் வசிக்கிறான். அவனுடைய மூத்த பிள்ளைக்குப் பதினொரு வயது. பிறந்ததும் படிப்பதும் அங்கேதான். அந்நாட்டுப் பள்ளிகளில் கிறிஸ்தவ அறிவு என்றொரு பாடம் உண்டு. அது வழிபாடன்று, வரலாறும் வேதக் கதைகளும் பிற சமயங்களைப் பற்றிய செய்திகளும் கலந்த பாடம். விரும்பாத பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் பிள்ளைக்கு விலக்கு அளித்துவிடுவார்கள். சட்டமே அதற்கு இடம் தருகிறது. இத்தனை ஆண்டுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத என் மகன், "இம்மாத இறுதியில் வகுப்பு முழுவதையும் தேவாலயம் ஒன்றைப் பார்க்க அழைத்துச் செல்கிறோம்" என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்ததும் கலங்கிப்போனான். விலக்குக் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான். கையொப்பம் மட்டும் போடவில்லை.

"அத்தா, நான் நம் ஊரில் வளர்ந்தேன். சுபுஹுக்குப் பிறகு மதரஸா, மாலையில் குர்ஆன், வீட்டில் உம்மா, தெருவில் பெரியவர்கள் என்று நாலு பக்கமும் வேலி இருந்தது. இவனுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேர மதரஸாவைத் தவிர வேறென்ன இருக்கிறது? இன்று பார்க்கப் போவான். நாளை என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், கையொப்பம் இடட்டுமா வேண்டாமா?" என்றான்.

ஒரு தகப்பனின் அச்சத்தை இலேசாக எண்ணிவிடக் கூடாது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளிநாடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இந்தப் பேச்சு இரவு உணவுக்குப் பிறகு நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கும் உடனே விடை கிடைக்கவில்லை. "அந்த இடத்தை நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். மறுநாள் சனிக்கிழமை. மதரஸா முடிந்து லுஹரும் தொழுத பின், பேரனையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்தத் தேவாலயத்தின் பெயர் டேனிஷ் மொழியில் 'வோர் ஃபிரெல்ஸர்ஸ் கிர்கே'. 'நம் மீட்பரின் தேவாலயம்' என்று பொருள். கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் என்னும் பகுதியில் இருக்கிறது. மன்னர் நான்காம் கிறிஸ்டியான் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோரச் சதுப்பை மண்ணிட்டு நிரப்பி, ஆலந்து நாட்டுப் பாணியில் கால்வாய்களை வெட்டி உண்டாக்கிய பகுதி அது. தரங்கம்பாடிக்கு முதல் கப்பல்களை அனுப்பியவரும் அதே மன்னர்தாம். அவர் அனுப்பிய ஓவே ஜேடே 1618-இல் புறப்பட்டு, ஒன்றரை ஆண்டுக் காலம் கடலில் அலைந்து இலங்கையை அடைந்து, 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. அந்த அந்நிய நகரில் நம் மொழிக்கு நான்கு நூற்றாண்டு வயதாகிவிட்டது என்று நினைத்தபோது, பேருந்தில் அமர்ந்திருந்த எனக்குச் சற்றே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

தேவாலயம் கட்டத் தொடங்கியது 1682-இல், திறந்தது 1696-இல். மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியான் காலம். கட்டடக் கலைஞர் லாம்பெர்ட் வான் ஹாவன். நான்கு கைகளும் ஒரே அளவான கூட்டல் குறியைப் போன்ற அமைப்பு, கருங்கல் அடித்தளம், செங்கல் சுவர்கள், மிக உயர்ந்த சன்னல்கள். 'பரோக்' என்று சொல்லப்படும் கலைப்பாணியைச் சேர்ந்தது. இந்தப் பெயருக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. ஒழுங்கான உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக விளைந்த முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது வந்தது என்று பெரும்பாலோர் கூறுவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்துச் சலாபத்தில் வாழ்ந்த நம் முன்னோர், அப்படிப்பட்ட முத்துகளை விலை மலிவென்று ஒதுக்கியிருப்பார்கள். ஐரோப்பாவிலோ அந்தப் பெயர் அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வளைவும் நெளிவும் பொன்பூச்சும் ஒளியும் நிழலுமாக, காண்பவரை வியப்பில் ஆழ்த்தி வாயடைக்கச் செய்வதே அந்தக் கலையின் நோக்கம்.

வாசலில் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. நான் தொப்பி அணிந்திருந்தேன். "நன்னா, இங்கே ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்" என்று பேரன் என் காதில் மெதுவாகச் சொன்னான். அவர்களுக்கு மரியாதை என்பது தலையைத் திறப்பது, நமக்கு மறைப்பது. நாம் செருப்பைக் கழற்றுவோம்; அவர்கள் காலணியுடன் நடப்பார்கள். நான் நின்றுவிட்டதைக் கண்ட வாயிற்பணிப் பெண்மணி ஒருவர், என் தலையைச் சுட்டிப் புன்னகையுடன் ஏதோ சொன்னார். "உங்கள் தொப்பி உங்கள் தலையிலேயே இருக்கட்டுமாம்" என்று பேரன் மொழிபெயர்த்தான்.

உள்ளே நுழையலாமா என்ற கேள்வியை நான் வீட்டிலிருந்தே சுமந்துகொண்டு வந்திருந்தேன். மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஜெரூசலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவில் இருந்தது. தேவாலயத்திலேயே தொழலாம் என்று கிறிஸ்தவத் தலைவர் ஸஃப்ரோனியூஸ் அழைத்தபோது உமர் (ரலி) மறுத்துவிட்டார்கள். பின்னால் வரும் முஸ்லிம்கள், "இங்கே உமர் தொழுதார்" என்று சொல்லி அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம் என்று வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. அதாவது அவர்கள் அங்கே சென்றார்கள், பார்த்தார்கள், தொழாமல் வெளியே வந்தார்கள். பார்க்கப் போகிற எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளே வெள்ளைச் சுவர்கள். உயர்ந்த சன்னல்கள் வழியே வந்து விழும் வெளிச்சம். எதிர்முனையில் பலிபீடம், சுவீடன் நாட்டுக் கலைஞர் தெஸ்ஸின் வரைந்து கொடுத்தது. தூண்களும் வானவர் உருவங்களுமாக நிறைந்திருந்தது. பேரன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகன் அஞ்சிய கேள்வி இப்போது வருமோ என்று காத்திருந்தேன். வந்த கேள்வி இதுதான்: "நன்னா, இங்கே கிப்லா எந்தப் பக்கம்?"

நான் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சற்றே யோசித்துத் தென்கிழக்கைக் காட்டினேன். அவன் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். திரும்பியவன் கண்ணில் பட்டன அந்த யானைகள்.

ஆம் வாசகர்களே, யானைகள்! தேவாலயத்தின் மேற்குப் பக்கச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பெரிய ஆர்கன் இசைக்கருவி இருக்கிறது. 1698-க்கும் 1700-க்கும் இடையில் போட்ஸன் சகோதரர்கள் அமைத்தது. இன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் அதில் இருக்கின்றன. அந்தப் பிரம்மாண்டமான பேழை முழுவதையும் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள். கூரையின் சுதை வேலைப்பாட்டிலும் யானை உண்டு. திருவிழா யானையைக் கண்டு வளர்ந்த நமக்கு, யானையையே கண்ணால் கண்டிராத சிற்பி செதுக்கியது போல முகம் சற்றே வேறாகத் தோன்றுகிறது. தும்பிக்கை மட்டும் தவறவில்லை.

"நன்னா, இது அப்ரஹாவின் யானையா?" என்றான் பேரன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சத்தமிட்டுச் சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். சூரத்துல் ஃபீல் அவனுக்கு மனப்பாடம். கஅபாவுக்குச் செல்வோரைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமென்று ஏமன் நாட்டின் ஸன்ஆவில் அப்ரஹா கட்டிய பெரிய தேவாலயத்தைப் பற்றியும் அவன் மதரஸாவில் கேட்டிருக்கிறான். தேவாலயமும் யானையும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும் பிள்ளையின் மனம் நேரே அங்கே போய்விட்டது.

நானோ இவை தரங்கம்பாடித் தொடர்பால் வந்த யானைகளாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அப்படி இல்லை. டென்மார்க் அரசகுலத்தின் மிக உயர்ந்த விருதுக்கு 'யானை விருது' என்று பெயர். தரங்கம்பாடிக்குக் கப்பல் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது அது. அதன் விதிகளை 1693-இல் வகுத்தவர் இந்தத் தேவாலயத்தைக் கட்டிய ஐந்தாம் கிறிஸ்டியான். தம் பெருமையின் அடையாளத்தையே தேவாலயத்துக்குள்ளும் நிறுத்திவிட்டார். தொழுமிடத்தில் மன்னரின் முத்திரை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நம் வரலாற்றிலும் பள்ளிவாசல் முகப்பில் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட சுல்தான்கள் எத்தனை பேர்!

தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. கோபுரம் ஏறத்தான் சீட்டு வாங்க வேண்டும். மழையோ பலத்த காற்றோ வந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள். அன்று வானம் தெளிந்திருந்தது.

மொத்தம் நானூறு படிகள். முதல் இருநூற்றைம்பது படிகள் கோபுரத்தின் உள்ளே. ஊர்ப் பத்தாயத்துக்குள் ஏறி இறங்குவது போன்ற குறுகிய மரப் படிகள். சில இடங்களில் ஏணி என்றே சொல்லலாம். பழைய உத்தரங்கள் தலையை இடிக்கப் பார்க்கின்றன. மேலேயிருந்து இறங்குவோருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வழியில் மணிகள் தொங்கும் கூடம் இருக்கிறது. 48 மணிகள் கொண்ட இசைமணித் தொகுதி அது. நாங்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதே அவை ஒலிக்கத் தொடங்கின. நெஞ்செலும்பு வரை அதிர்ந்தது. பேரன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சிரித்தான். மூட்டுவலிக்காரனாகிய நான் அதையே சாக்காக வைத்து இளைப்பாறிக்கொண்டேன்.

பிறகு ஒரு சிறிய கதவு. அதைத் திறந்தால் ஆகாயம்!

கடைசி நூற்றைம்பது படிகள் கோபுரத்துக்கு வெளியே இருக்கின்றன. கருவாலி மரத்தால் கட்டிச் செப்புத் தகடு போர்த்திய கூர்ங்கோபுரத்தை, வெளிப்புறமாகவே ஒரு படிக்கட்டு பாம்பு போலச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. நான்கு சுற்று. ஓரத்தில் பொன் பூசிய கைப்பிடி. அதற்கு அப்பால் வெறும் காற்று. சுற்றச் சுற்ற கோபுரம் ஒடுங்குகிறது, படியும் ஒடுங்குகிறது. இறுதியில் ஒருவர் மட்டுமே நிற்கும் அளவாகி, பிறகு அதுவும் இல்லாமல் போய்விடுகிறது. அதற்கும் மேலே பொன்னுருண்டை. அதன்மேல் கொடியேந்திய உருவம். ஈஸா நபி (அலை) அவர்களைக் குறிப்பதாக அவர்கள் வைத்திருக்கிறார்கள். நாம் எந்த நபிக்கும் உருவம் அமைப்பதில்லை. தரையிலிருந்து உச்சி வரை 90 மீட்டர்.

இந்தக் கூர்ங்கோபுரம் தேவாலயத்தோடு சேர்ந்து எழுந்ததன்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஐந்தாம் ஃபிரடெரிக் மன்னர் காலத்தில், லௌரிட்ஸ் த தூரா என்னும் கலைஞர் வடிவமைத்தார். 1752-இல் வேலை முடிந்தது; மன்னரே ஏறிப் பார்த்துத் திறந்துவைத்தார். ரோம் நகரில் போரோமினி கட்டிய தேவாலயம் ஒன்றின் முறுக்குக் கோபுரத்தைப் பார்த்து அமைத்தது என்பார்கள். ஆனால் வாசகர்களே, அந்தப் படத்தைப் பார்த்த எந்த முஸ்லிமுக்கும் நினைவுக்கு வருவது ரோம் அன்று. இராக் நாட்டின் ஸாமர்ராதான். அப்பாஸியக் கலீஃபா முதவக்கில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய பெரிய பள்ளிவாசலின் மினாரா, 'மல்விய்யா' என்று பெயர் பெற்றது. சுருண்டது என்று பொருள். 52 மீட்டர் உயரம். அதற்கும் வழி வெளிப்புறமாகவே சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. 2005-இல் குண்டுவெடிப்பால் அதன் உச்சி சிதைந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். கோபன்ஹேகன் கோபுரத்தைவிட அது ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகள் மூத்தது. இதைப் பார்த்து அதைக் கட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. உயரத்தை நாடும் மனிதன் வெவ்வேறு நாட்டில் ஒரே கணக்குக்கு வந்து சேர்கிறான், அவ்வளவுதான்.

த தூராவைப் பற்றி அவ்வூரார் ஒரு கதை சொல்வார்கள். படிக்கட்டு தவறான திசையில் சுற்றுகிறது என்று முடிந்த பிறகு தெரிந்துகொண்ட அவர், உச்சியிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டாராம். முழுப் பொய். கோபுரம் முடிந்து ஏழு ஆண்டுகள் வாழ்ந்து 1759-இல் படுக்கையில்தான் மாண்டார். ஆனால் எது தவறான திசை? படிக்கட்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஏறுகிறவனுக்குக் கோபுரம் எப்போதும் இடத்தோள் பக்கத்தில் இருக்கும். ஹஜ்ஜோ உம்ராவோ செய்தவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒப்பிட நான் துணியமாட்டேன். எங்கே அது, எங்கே இது! ஆயினும் இடத்தோளை ஒரு சுவருக்குக் கொடுத்துச் சுற்றுவது என் கால்களுக்குத் தவறான திசையாகத் தோன்றவில்லை.

இரண்டாம் சுற்றில் எனக்குத் தலை சுற்றியது. கீழே கால்வாய்கள் நூல் போலவும் படகுகள் கடுகு போலவும் தெரிந்தன. கால்கள் நகர மறுத்தன. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1864-இல் வெளியிட்ட பூமியின் மையத்துக்குப் பயணம் செய்யும் கதையில், இளைஞன் ஒருவனின் உயர அச்சத்தைப் போக்க அவனுடைய மாமன் ஐந்து நாள் விடாமல் ஏற்றி இறக்குவது இதே கோபுரத்தில்தான். அவனோ இளைஞன். எனக்கு ஐந்து நாளும் இல்லை, அந்த வயதும் இல்லை. பின்னால் ஒரு குடும்பம் காத்து நின்றது. திரும்பவும் வழியில்லை.

"நன்னா, கீழே பார்க்காதீங்க. என் முதுகைப் பாருங்க. நான் ஒரு படி, நீங்க ஒரு படி" என்றான் பேரன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் டேனிஷில் விடை சொல்லுகிற பிள்ளை! என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். பிஸ்மில்லாஹ் சொன்னான். நானும் சொன்னேன். மீதி இரண்டு சுற்றையும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் ஒரு கை பொற்கைப்பிடியிலும் ஒரு கை பேரன் மேலுமாக நின்று கண்ணைத் திறந்தேன். கிழக்கே ஓரசுந்து நீரிணையும், 2000-ஆம் ஆண்டில் திறந்த பெரிய பாலமும், அக்கரையில் சுவீடனும். நீருக்குள் வரிசையாக நிற்கும் காற்றாலைகள். மறுபுறம் பழைய நகரின் கோபுரங்கள். நான்காம் கிறிஸ்டியான் கட்டிய வணிக மாளிகையும் அந்தப் பக்கம்தான். நான்கு நாகங்களின் வால் பின்னியது போன்ற அதன் கூர்ங்கோபுரம் ஏறத்தாழ நானூறு ஆண்டு நின்றுவிட்டு, 2024 ஏப்ரல் 16 அன்று தீயில் சரிந்தது. புகையைத் தன் பள்ளிச் சன்னலிலிருந்து பார்த்ததாகப் பேரன் சொன்னான்.

பிறகு நான் தேடியது காலடியிலேயே கிடைத்தது. தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், துறைமுக நீரோரம், 'ஆசியாச் சதுக்கம்' என்று இன்றும் பெயர் தாங்கிய இடம். 1732-இல் தோன்றிய டேனிஷ் ஆசியக் கம்பெனியின் பண்டகசாலைகள் இருந்த இடம் அது. இன்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கே செயல்படுகிறது. நம் கரையின் துணியும் மிளகும் வந்திறங்கிய படித்துறை. அங்கிருந்து பாய்விரித்த மாலுமி, கடலுக்குள் போகப் போக, தன் தெரு மறைந்து, தன் வீடு மறைந்து, கடைசியில் இந்த முறுக்குக் கோபுரத்தைத்தான் பார்த்திருப்பான். பல மாதம் கழித்து அவன் கண்ணில் பட்ட கரை, நான் பட்டம் விட்ட கரை. பலர் திரும்பவே இல்லை. தரங்கம்பாடிக் கல்லறைகளில் அவர்கள் பெயரை நான் சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அவர்களையும் ஊரில் யாரோ ஒரு தகப்பன், "அந்நிய மண்ணில் பிள்ளை என்ன ஆவானோ" என்று எண்ணி எண்ணித்தான் அனுப்பியிருப்பான். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போனார்கள். இப்போது என் மகன் இங்கே வந்திருக்கிறான்.

"நன்னா, நம்ம ஊர் எந்தப் பக்கம்?" என்றான் பேரன். தென்கிழக்கையே மீண்டும் காட்டினேன். "கிப்லாவும் அந்தப் பக்கம்தானே?" என்றான். ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் என்றேன்.

இறங்கும்போது அஸருக்கு நேரமாகிவிட்டது. கால்வாயோரம் ஒரு புல்திட்டில், என் மேல்துண்டை விரித்து இருவரும் தொழுதோம். நடந்து போனவர்கள் எவரும் நின்று பார்க்கவில்லை.

அன்றிரவு மகனிடம் நடந்ததைச் சொன்னேன். தீர்ப்பாக எதையும் சொல்லவில்லை. பிள்ளை கிப்லாவைக் கேட்டதையும், யானையைப் பார்த்து அப்ரஹாவைக் கேட்டதையும், பிஸ்மில்லாஹ் சொல்லி என்னை ஏற்றிக்கொண்டு போனதையும் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். "இன்று கேட்டது சரி அத்தா. பதினைந்து வயதில் என்ன கேட்பான்?" என்றான். "அப்போது கேட்பதற்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும். விலக்குக் கடிதம் கொடுத்தால், கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கக் கூடாது என்று அவன் எடுத்துக்கொள்வான்" என்றேன். என் மருமகள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "நீங்களும் லீவு போட்டுவிட்டு அவனோடு போய் வாருங்களேன்" என்றாள். நாங்கள் இருவரும் அரைமணி நேரம் பேசியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

மறுநாள் இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மகன் கிழித்தான். வேறொன்று எழுதினான்: பிள்ளை வருவான், உடன் தகப்பனும் வரலாமா என்று அனுமதி கேட்டு. தாராளமாக வரலாம் என்று ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது.

அந்த நாளுக்குள் எனக்கு விமானச் சீட்டின் தேதி வந்துவிட்டது, ஊர் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேரன்தான் பேசினான். அன்றைக்குக் காற்று பலமாம்; கோபுரத்தை மூடிவிட்டார்களாம். யானைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்களாம். அப்ரஹாவின் யானைக் கதையை வகுப்பு முழுவதுக்கும் தானே எழுந்து நின்று சொன்னானாம். "அத்தாவுக்குக் கோபுரம் ஏறணுமாம் நன்னா. பெருநாள் லீவில் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்" என்றான்.